ஒரு தாளில் ஒரு வேண்டுகோள்

தேர்தல் நாளன்று நம் பங்குக் குடும்பங்கள் வாக்குச்சாவடிக்குச் செல்லத் தவறுவதில்லை. முதியோரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்கிறோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளை வரவழைக்கிறோம். அத்துடன் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். அதன்பின் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாவிட்டாலும், திண்ணையில் அமர்ந்து நமக்குள் நாமே பேசிக்கொள்கிறோம். "சொன்னால் மட்டும் செய்துவிடவா போகிறார்கள்?" என்று ஒருவர் பெருமூச்சோடு முடித்துவைப்பார், பேச்சும் கலைந்துவிடும். யாருடைய செவிக்கு அது எட்ட வேண்டுமோ, அவருக்கு அது எட்டுவதே இல்லை.

நான் 33 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சிற்றூர்களில் ஆசிரியருக்குப் பாடம் நடத்துவதோடு இன்னொரு வேலையும் தானாக வந்து சேரும். அதுதான் மனு எழுதித் தருவது. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல் என்று ஏதாவது ஒரு காரியமாக, மாலை வேளைகளில் வெள்ளைத்தாளும் கையுமாக யாரேனும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவர். அவ்வாறு எழுதப்பட்ட மனுக்களுள் எவை பலன் தந்தன, எவை தரவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கவனித்து வந்திருக்கிறேன். பலன் தந்தவை அழகிய நடையில் எழுதப்பட்டவை அல்ல. ஆள் பலத்தோடு கொடுக்கப்பட்டவையும் அல்ல. உரியவரிடம், அவரால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை, தெளிவாகக் கேட்டவையே பலன் தந்தன. நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறு செய்திக்குள் அறிய வேண்டியவை பல உண்டு.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறிய வேண்டும். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. இரயில், அஞ்சல், தேசிய நெடுஞ்சாலை ஆகியவை மத்திய அரசுக்குரியவை. காவல், பொதுச் சுகாதாரம், நிலம் ஆகியவை மாநில அரசுக்குரியவை. கல்வி முன்னர் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் இரு அரசுகளுக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே நம் ஊர் நிலையத்தில் இரயில் நின்று செல்ல வேண்டுமானால், நாடாளுமன்ற உறுப்பினரிடம் செல்ல வேண்டும். சுகாதார நிலையத்தில் செவிலியர் இல்லையென்றால், சட்டமன்ற உறுப்பினரிடம் செல்ல வேண்டும். தமிழகத்திலிருந்து மக்களவைக்கு 39 பேரும், மாநிலங்களவைக்கு 18 பேரும், சட்டமன்றத்துக்கு 234 பேரும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இவர்களுள் நமக்குரியவர் யார் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஊர்ச்சாலை போன்றவற்றுக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தமும், அதையொட்டி 1994-இல் தமிழகத்தில் இயற்றப்பட்ட ஊராட்சிகள் சட்டமும் அவற்றை ஊராட்சியின் கையில் தந்திருக்கின்றன. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பின்னரும் கிராம சபைகள் கூடின. அங்கே நாம் பேசுவது மட்டும் போதாது. பேசியது தீர்மானமாகப் பதிவாக வேண்டும். பதிவேட்டில் ஏறிய தீர்மானத்தின் படியை இணைத்து மேலே அனுப்பும் மனுவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒருவருடைய குறையாக இருந்தது அப்போது ஓர் ஊரின் குரலாகிவிடுகிறது.

எங்கள் ஊர் நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊருக்கும் உயர்நிலைப் பள்ளி உள்ள சிறு நகரத்துக்கும் இடையே நான்கு கிலோமீட்டர். மாலையில் பள்ளி விடுவது 4.15 மணிக்கு. நகரப் பேருந்து புறப்படுவதோ 3.50-க்கு. அதை விட்டால் அடுத்தது 6.20-க்குத்தான். பிள்ளைகள் சீமைக்கருவேலங்காட்டு ஓரமாக, கல் ஏற்றிய லாரிகள் விரையும் சாலையில் நடந்தே வருவர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஊர் வந்து சேருமுன் இருட்டிவிடும். 2014-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்த மூன்று சிறுமிகளைப் பெற்றோர் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டனர். அவர்களுள் ஒருத்தியின் தாய் என்னிடம் சொன்னார்: "பொழுது சாயுறதுக்குள்ள வீடு வந்து சேரலைன்னா, அந்தப் படிப்பு எங்களுக்கு எதுக்கு சார்?" அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் அதற்குமுன் இருமுறை மனு கொடுத்திருந்தனர். அவற்றின் படிகளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். நான்கு பக்கங்கள். முதல் பக்கம் முழுவதும் புகழுரை. பின்னர் ஒன்பது கோரிக்கைகள்: நூலகம், சுடுகாட்டுச் சாலை, உயர் கோபுர விளக்கு, கலையரங்கம் என நீண்டு சென்றன. ஆறாவதாக ஒரே வரியில், 'பேருந்து வசதி செய்து தர வேண்டும்' என்று இருந்தது. ஒரு விழா மேடையில், மாலைகளுக்கும் சால்வைகளுக்கும் நடுவே அது கொடுக்கப்பட்டதாம். படிப்பவர் என்ன நினைப்பார்? புதிதாக ஒரு பேருந்து கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார். புதிய பேருந்து என்றால் வண்டி வேண்டும், ஓட்டுநரும் நடத்துநரும் வேண்டும், எரிபொருளுக்குப் பணம் வேண்டும். எங்களுக்கு வேண்டியதோ ஓடிக்கொண்டிருக்கும் அதே பேருந்து 35 நிமிடம் தாமதித்துப் புறப்படுவது மட்டுமே. அந்தச் செய்தி மனுவில் எங்குமே இல்லை.

இம்முறை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதுவதற்கு முன் பத்து நாட்கள் கணக்கெடுத்தோம். அந்தப் பள்ளியில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 46 பேர். அவர்களில் 27 பேர் பெண் பிள்ளைகள். வகுப்புவாரியாகப் பட்டியல் எழுதினோம். பிறகு, 3.50 பேருந்தில் இப்போது யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க, படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர் இருவர் ஆறு நாட்கள் அதில் பயணம் செய்தனர். நாள்தோறும் சுமார் 14 பேர் வந்தனர். சந்தையில் பூ விற்றுத் திரும்பும் பெண்கள் ஏழு பேர். மற்றவர்கள் மருத்துவமனைக்குச் சென்று வருபவர்கள். நேரம் மாறினால் இடையூறு இவர்களுக்குத்தான். எனவே அவர்களையே கேட்டோம். பூ விற்கும் மூதாட்டி ஒருவர், வீட்டில் ஆடுகள் காத்திருக்கும் என்று முதலில் தயங்கினார். பிறகு, "பொட்டப் புள்ளைங்க படிக்கட்டும் சார். நான் அரை மணி நேரம் மரத்தடியில உக்காந்திருந்துட்டு வர்றேன்" என்று சொல்லி, மை தொட்டுக் கைநாட்டு வைத்தார். அந்த எழுவரின் ஒப்புதலையும் தனித்தாளில் வாங்கி இணைத்தோம்.

மனுவைப் பங்கின் பெயரால் அனுப்பலாம் என்று சிலர் கருதினர். பங்குத் தந்தை அதற்கு உடன்படவில்லை. "பேருந்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தானே ஏறுகிறார்கள்? எல்லாத் தெருக்காரர்களும் கையொப்பமிடட்டும். என் பெயர் நடுவில் எங்காவது இருந்தால் போதும்" என்றார். அவ்வாறே மூன்று தெரு மக்களும் கையொப்பமிட்டனர். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவின் பெயர் முதலில் இருந்தது. கடைவீதியில் மளிகை வைத்திருக்கும் இசுலாமிய அன்பர் பெயர் அடுத்து இருந்தது. பொதுவான தேவையை ஒரு சமயத்தாரின் தேவைபோல் காட்டினால், கேட்பவரின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. வீணான ஐயங்களும் எழுகின்றன.

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு வேலைநாள் காலையில் ஐந்து பேர் சென்றோம். எங்கள் தெருவில் பெரும்பாலோர் அவருடைய கட்சிக்கு வாக்களித்தவர்கள் அல்லர். அது அவருக்கும் தெரியும். உள்ளூர அச்சம் இருந்தது. அவரோ கட்சியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. தாளை ஒருமுறை படித்துவிட்டு, "நேரத்தை மாற்றினால் யார் சண்டைக்கு வருவார்கள்?" என்றுதான் கேட்டார். இரண்டாம் தாளைத் திருப்பிக் காட்டினோம். கைநாட்டுகளை அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே பணிமனைக் கிளை மேலாளருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதச் செய்தார். அதன் படி ஒன்றை நாங்கள் கேட்டுப் பெற்றுக்கொண்டோம்.

உடனே காரியம் நடந்துவிடவில்லை. ஓட்டுநர்களின் பணி மாறும் நேரம் இடிக்கிறது என்று பணிமனையில் சொன்னார்கள். அது பொய்யன்று, உண்மையான தடையே. மீண்டும் சட்டமன்ற உறுப்பினரிடம் சென்று அந்தத் தடையைச் சொன்னோம். மூன்றாம் முறையும் சென்றோம். செப்டம்பரில் கொடுத்த மனுவுக்கு, அரையாண்டு விடுமுறை முடிந்து 2015 ஜனவரியில் பள்ளி திறந்தபோது விடை கிடைத்தது. பேருந்து 4.25-க்குப் புறப்பட்டது. நிறுத்தப்பட்ட மூவருள் இருவர் அந்த ஜூனில் பள்ளிக்குத் திரும்பினர். மூன்றாமவள் அதற்குள் நூற்பாலை வேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டாள்; அவள் திரும்பவே இல்லை. நான்கு பக்கத்தில் ஒன்பது கோரிக்கையாகக் கரைந்துபோன அந்த ஒரு வரி, முதல் முறையே ஒரு தாளாக எழுதப்பட்டிருந்தால் அவளும் படித்திருப்பாள் அல்லவா? மனு எழுதுவது வெறும் தாள் வேலை என்று எண்ணுவோர்க்கு நான் அந்தச் சிறுமியைத்தான் நினைவூட்டுவேன்.

நம் பிரதிநிதிகளால் எது முடியும், எது முடியாது என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம். பணிமனைக்கோ பள்ளிக்கோ நேரடியாக உத்தரவிடும் அதிகாரம் சட்டமன்ற உறுப்பினருக்கு இல்லை. அவர் பரிந்துரைக்கலாம், அமைச்சருக்கு எழுதலாம், அவையில் கேள்வி எழுப்பலாம். மக்களவையில் கேள்வி கேட்கக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தொடங்கிய பின் ஓடுவதைவிட, அதற்கு முன்பே செய்தியை அவரிடம் சேர்ப்பது அறிவுடைமை. அவையில் கேட்ட கேள்விக்கு அமைச்சர் தரும் விடை அச்சேறுகிறது. பிற்பாடு அதை எவரும் மறுக்க இயலாது.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டம் 1993-இல் தொடங்கப்பட்டது. 2011-12 முதல் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று அது உயர்த்தப்பட்டது. அதிலும் உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார். ஒப்புதல் தந்து நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். நம் பங்குகளில் சிலர் கோயில் சுற்றுச்சுவருக்கும் மண்டபத்துக்கும் இந்நிதியைக் கேட்டுச் சென்று வெறுங்கையோடு திரும்புகின்றனர். எந்தச் சமயமாயினும், வழிபாட்டுத் தலங்களுக்குள்ளும் சமய அமைப்புகளுக்குச் சொந்தமான நிலத்திலும் இந்நிதியைச் செலவிட விதிகள் இடம் தருவதில்லை. உறுப்பினர் மறுத்தால் அது வஞ்சனையன்று. 2022 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர், தொகுதியில் நிறைவேறாதிருக்கும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு அனுப்புமாறு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டார். அத்தகைய நேரத்தில் உறுப்பினரின் மேசைமேல் முழு விவரங்களோடு இருக்கும் மனு எதுவோ, அதுவே பட்டியலில் ஏற வாய்ப்புடையது.

சாலையையும் குடிநீரையும் விடப் பெரிய செய்திகளும் உண்டு. ஒரு சட்ட முன்வடிவைப் பற்றியோ அரசின் கொள்கையைப் பற்றியோ நமக்குக் கவலை இருக்கலாம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, தம் கட்சியின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். எனவே 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்று மட்டும் எழுதினால், அவரால் ஒன்றும் செய்ய இயலாமற் போகலாம். இன்ன கேள்வியை எழுப்புங்கள், இன்ன திருத்தத்தை முன்மொழியுங்கள், உங்கள் கட்சிக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், அமைச்சருக்கு எழுதி அதன் படியை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டால், அவர் செய்யக்கூடியது ஏதேனும் இருக்கும். நாடாளுமன்றக் குழுக்கள் சில சட்ட முன்வடிவுகளைக் குறித்துப் பொதுமக்களின் கருத்தை விளம்பரம் வாயிலாகக் கேட்பதும் உண்டு. அப்போது குறித்த நாளுக்குள் எழுதுவது நம் உரிமை.

நம் மக்களை நேரடியாகத் தொடும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையினால், கிறித்தவரான தலித் மக்களுக்குப் பட்டியல் இனத்தவர் என்ற தகுதி கிடைப்பதில்லை. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் அந்த ஆணையில் சேர்க்கப்பட்டனர். அதைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு, சட்டமன்றத்தால் இயலாது. எனினும் சட்டமன்றம் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. மத்திய அரசை வலியுறுத்தித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இனி, எழுதும் முறைக்கு வருவோம். ஒரு தாளுக்கு மேற்பட வேண்டாம். நீங்கள் யார், எந்த ஊர், எந்த வாக்குச்சாவடிக்கு உட்பட்டவர் என்பது முதல் இரண்டு வரிகளில் இருக்கட்டும். குறை என்ன, அதனால் எத்தனை பேர் துன்புறுகிறார்கள் என்பது அடுத்து வரட்டும். அவர் செய்ய வேண்டிய ஒரே செயல் இறுதியில் வரட்டும். கேள்விப்பட்டதை எழுதாதீர்கள், கண்டதையும் எண்ணியதையும் எழுதுங்கள். ஒரு பொய் இருந்தாலும் மற்ற உண்மைகள் அனைத்தும் மதிப்பிழந்துவிடும். வசைமொழி வேண்டாம். 'அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம்' என்ற மிரட்டலும் வேண்டாம். தேர்தல் வரும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கப் புகழுரையும் தேவையில்லை. நாம் கேட்பது பிச்சையன்று. அவர் தருவது தருமமும் அன்று. மரியாதையான சொற்களே போதும்.

இக்காலத்தில் ஒருவர் எழுதியதை நூறு பேர் கைப்பேசியில் அப்படியே அனுப்பிவிடுகின்றனர். நூறு முறை வந்தாலும் அது ஒரே குரலாகவே தோன்றும். தன் குழந்தைக்கு நேர்ந்ததைத் தாயொருத்தி தன் கையால், பிழையோடு எழுதினாலும், அந்த நான்கு வரிகள் படிப்பவர் மனத்தில் நிற்கும்.

நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். அஞ்சலில் அனுப்பினால் இரசீதைப் பாதுகாத்து வையுங்கள். பழைய பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கேட்டால் அதற்கும் சான்று கிடைக்கும். மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால், அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் மனு உறங்குமானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, 'என் மனுவின்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?' என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் அவர்கள் விடை தர வேண்டும்.

காரியம் முடிந்தபின் நன்றி சொல்ல மறக்கலாகாது. பேருந்து வந்த மாதத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 46 பேரும் ஆளுக்கொரு அஞ்சலட்டை எழுதினர். அட்டை ஒன்று 50 காசு. ஆக மொத்தம் 23 ரூபாய். ஒருத்தி, "இப்போது விளக்கு ஏற்றுவதற்குள் வீட்டுப்பாடம் எழுதிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாள். பின்னொரு சமயம் குடிநீர்த் தொட்டி தொடர்பாகச் சென்றபோது, அந்த அலுவலகத்தில் எங்கள் ஊரின் பெயரைச் சொன்னதும் நாற்காலி போட்டார்கள். குறை சொல்ல வருபவர்களையே நாள்தோறும் காண்பவருக்கு, நன்றி சொல்ல வந்தவர்களை மறக்க முடிவதில்லை போலும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் பிள்ளைகள் விடுப்புக் கடிதம் எழுதக் கற்கிறார்கள். ஊர்க் குறையை எழுதவும் அவர்களை வீட்டில் பழக்குங்கள். இரவு உணவுக்குப் பின் குடும்பமாக அமரும்போது, உங்கள் தெருவின் குறைகளுள் ஒன்றை, ஒன்றை மட்டும், எடுத்துக்கொள்ளுங்கள். இது யாருடைய பொறுப்பு? அவரால் செய்யக்கூடியது என்ன? மாறினால் யாருக்கு இடையூறு, அவரிடம் நாம் பேசினோமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின் பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த வீட்டாரிடமும் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். தேதியிட்டு, ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, அனுப்புங்கள். பதினைந்தாம் நாள் விடை வராவிட்டால், அந்தப் படியோடு நேரில் சென்று கேளுங்கள்.